பானட்டில் சின்னத் துரு, வீல் ஆர்ச்சில் ஒரு கொப்புளம்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

ஈசிஆர்_வாசி

வணக்கம் மக்களே. பாலவாக்கத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். வண்டி அபார்ட்மென்ட் கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில்தான் நிற்கிறது, ஆனால் உப்புக் காற்றுக்குக் கூரை ஒரு தடையா என்ன. 2014 மாடல் சின்ன கார், சில்வர் மெட்டாலிக். இரண்டு இடத்தில் துரு பிடித்திருக்கிறது.

ஒன்று பானட்டின் முன் ஓரத்தில். லாரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடம், முதலில் மிளகு அளவுதான் இருந்தது, இப்போது சுற்றிலும் பெயிண்ட் லேசாகத் தூக்கிக்கொண்டு, கழுவினால் பழுப்பாக ஒரு கோடு வழிகிறது. இன்னொன்று பின் இடது வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கிற தகடு), விளிம்புக்குச் சற்று மேலே. அங்கே பெயிண்ட் உடையவே இல்லை, ஆனால் உள்ளிருந்து ஏதோ தள்ளுகிற மாதிரி கொப்புளமாக எழும்பியிருக்கிறது, தடவினால் விரலுக்குத் தெரிகிறது.

பக்கத்துப் பட்டறையில் கேட்டால் இரண்டு பேனலையும் முழுசாக அடிக்க வேண்டும், பேனலுக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்கிறார்கள். இத்தனை வயதான வண்டிக்கு அது தேவையா என்று யோசனை. கையில் கொஞ்சம் பொறுமையும் ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. கேள்விகள்: எந்த நம்பர் உப்புத்தாள் வாங்குவது, ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கிறார்களே அது உண்மையிலேயே வேலை செய்யுமா, ஸ்ப்ரே கேனா பிரஷ்ஷா? வீடியோக்களில் ஒருவர் கோலா ஊற்றித் தேய்க்கிறார், இன்னொருவர் டூத்பேஸ்ட் போடுகிறார், பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம். இன்னும் ஒன்று, இப்போது ஆகஸ்ட் கடைசி, அக்டோபர் பாதியில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் முடிப்பதா, பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்வதா?

ஸ்ப்ரேகன்

சார், பொங்கல் வரை தள்ள வேண்டாம். மழைக்காலம் முழுக்க அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குடித்தால் ஜனவரியில் நீங்கள் பார்ப்பது வேறு அளவில் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் சொல்கிற இரண்டும் இரண்டு வேறு நோய். பானட்டில் இருப்பது வெளியிலிருந்து உள்ளே போகும் துரு, அதை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். வீல் ஆர்ச் கொப்புளம், பெயிண்ட் உடையாமல் எழும்பியிருக்கிறது என்றால், பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வெளியே வருவது. அதை மேலே தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்ப வரும், ஆளும் பெயிண்டும்தான் வீண். அதனால் ஆர்ச்சைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை இறக்கி, பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் முனையால் கொப்புளத்தின் நடுவில் அழுத்துங்கள். டொக்கென்று கெட்டியாக நின்றால் பிழைத்தீர்கள், பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் அது வெல்டிங் வேலை. சின்னக் காந்தம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் முன்பு யாரோ அடிபட்ட இடத்தில் கெட்டியாகப் பட்டி (பள்ளம் நிரப்புகிற பசை) போட்டு மூடியிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியா?

ஜாக்கியை மட்டும் நம்பி சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நீட்டாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் போடுங்கள். செங்கல் அடுக்குவது, ஹாலோ பிளாக் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

இப்போது பானட். சாமான்: 80, 180, 320, 600, 1000, 2000 நம்பர் தாள். 80, 180 இரண்டும் காய்ந்த நிலையில் தேய்க்க, 600க்கு மேலே வாட்டர் பேப்பர். மாஸ்கிங் டேப், பழைய நாளிதழ், கையுறை, மாஸ்க், 2கே எபாக்ஸி பிரைமர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற அடிப்பூச்சு) சின்ன டின், கலர், கிளியர் (கலருக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு).

ஷாம்பூ போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். வாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பெட்ரோலால் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது போகும்போது தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். பிறகு 80 நம்பரைச் சின்னத் துண்டாக மடித்து, தூக்கிய பெயிண்ட் முழுவதையும் எடுங்கள். இங்கேதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் துரு கடுகளவு என்றால் பெயிண்டுக்கு அடியில் அது நாலு பக்கமும் ஓடியிருக்கும், நல்ல பெயிண்ட் என்று நினைக்கிற இடத்தையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும். பளபளவென்று வெள்ளைத் தகடு தெரிகிற வரை போங்கள். ஐந்து ரூபாய்க் காசு அளவு ஆகிவிட்டதே என்று மனசு கேட்காது. பரவாயில்லை.

தகடு வெளுத்த பிறகும் உள்ளே கறுப்பாக ஊசி முனைப் புள்ளிகள் நிற்கும். அதுதான் துருவின் வேர். ஊசி, பிளேடு முனை, பித்தளை பிரஷ், எதனாலாவது கிண்டி எடுங்கள். மிச்சம் வருகிற புள்ளிக்கு மட்டும் கன்வெர்ட்டர். பிறகு 180 போட்டு 80இன் கோடுகளை எடுத்து, 320ஆல் ஓரத்தைச் சரித்துக் கொண்டுவர வேண்டும். சரியாகச் செய்தால் நடுவில் தகடு, அதைச் சுற்றி பிரைமர், அப்புறம் சில்வர், அப்புறம் கிளியர் என்று வட்டம் வட்டமாகத் தெரியும். கையை வைத்துத் தடவினால் எங்கே தகடு முடிந்து எங்கே பெயிண்ட் தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. கம்பெனிப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதனால் நிதானமாகத் தேய்த்தால் சரிவு வந்துவிடும்.

தகடு வெளியே தெரிந்ததும் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு பிரைமர். சென்னைக் காற்றில் வெறும் தகடு காலையில் தேய்த்தால் மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும், பாலவாக்கத்தில் கேட்கவே வேண்டாம். தேய்த்த இடத்தை வெறும் விரலால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புதான். எபாக்ஸியைச் சொன்ன அளவில் கலந்து இரண்டு கை அடியுங்கள், இவ்வளவு சின்ன இடத்துக்கு பிரஷ்ஷே போதும்.

கடையில் சாதாரண பிரைமர் கேன் நீட்டுவார்கள், விலை பாதிதான் இருக்கும். அது தேய்த்துச் சமன்படுத்த உதவும், தண்ணீரை நிறுத்தாது. ஈரம் அதற்குள் ஊறிப் போகும். நீங்கள் மிச்சம் பிடிக்க ஆயிரம் இடம் இருக்கிறது, இந்த இடத்தில் வேண்டாம்.

அமிலமழை

மேலே சொன்னது எல்லாம் சரி. கன்வெர்ட்டர், கோலா பற்றி யாரும் விளக்கவில்லை என்பதால் நான். (பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், இந்த மாதிரி கேள்வி வந்தால் கை சும்மா இருக்காது.)

இரும்பு துருவாகும்போது அது பிடிக்கிற இடம் பல மடங்கு பெருகுகிறது. பெயிண்ட் கொப்புளமாவதற்குக் காரணமே அந்த வீக்கம்தான். பெயிண்டைத் தூக்கினால் புது இடுக்கு, புது இடுக்கில் ஈரம், ஈரத்தால் மேலும் துரு. உப்பு இதில் என்ன செய்கிறது என்றால், தண்ணீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அரிப்பை விரைவுபடுத்துகிறது, அதோடு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மழையே இல்லாத மாதத்திலும் கடலோரத்தில் துரு ஓய்வதில்லை.

கன்வெர்ட்டரில் பொதுவாக இருப்பது டானிக் அமிலம், அல்லது பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் இரண்டும். டானின் துருவோடு சேர்ந்தால் கருநீல நிறத்தில் இரும்பு டானேட் உண்டாகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான். பாஸ்பாரிக் அமிலம் என்றால் இரும்பு பாஸ்பேட். இரண்டுமே துருவை விட நிலையான பொருள்கள். ஆனால் கவனியுங்கள், அது தொட்ட துருவைத்தான் மாற்றும். செதில் செதிலாகத் தடித்த துருவின் மேல் பூசினால் மேல்தோல் கறுத்து, அழகாக இருக்கும், அடியில் பழைய துரு அப்படியே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். துருவே இல்லாத பளபளத் தகட்டில் பூசுவதாலும் பயன் இல்லை. ஆக, சுரண்டலுக்கு மாற்று அல்ல அது, சுரண்டி முடித்த பிறகு குழிகளுக்குள் மிஞ்சியதற்கு.

இன்னொரு முக்கியமான விஷயம்: பாஸ்பாரிக் வகையைப் பூசினால் புட்டியில் போட்டிருக்கிறபடி கழுவி, துடைத்து, முழுக்கக் காயவைத்த பிறகுதான் எபாக்ஸி. அமிலம் மிச்சம் இருந்தால் எபாக்ஸி சரியாக இறுகாது, பிடிக்கவும் செய்யாது. நிறைய பேருக்குப் பெயிண்ட் தோல் தோலாக உரிவதற்கு இது ஒரு காரணம்.

கோலாவிலும் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, உண்மைதான். மிகவும் நீர்த்த நிலையில், ஏகப்பட்ட சர்க்கரையோடு. கழற்றி ஊறவைக்கிற போல்ட்டுக்கு ஆகும். பானட்டில் ஊற்றினால் பெயிண்ட் ஓரத்துக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அதைக் கழுவி வெளியே எடுக்க முடியாது. எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டூத்பேஸ்ட் மென்மையான தேய்ப்பான், மேலோட்டமான கீறலை மங்கச் செய்யும். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முத்துநகர்

நான் தூத்துக்குடி. எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், துருவைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்!

ஸ்ப்ரேகன் அண்ணன் தொழில்காரர், அவர் செய்தால் அந்த இடம் தெரியவே தெரியாது. ஆனால் முதல்முறை செய்கிறவர் ஸ்ப்ரே கேன் எடுத்தால் என்ன ஆகும் என்றால், காசு அளவு இடத்துக்கு அடிக்கப் போய் உள்ளங்கை அளவுக்கு வேறு நிறத்தில் ஒரு மேகம் நிற்கும். அதிலும் சில்வர் மெட்டாலிக். வெள்ளை, கறுப்பு என்றால் ஓரளவு ஒப்பேற்றலாம், மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறும், கேனை எவ்வளவு தூரத்தில் பிடித்தோம், எவ்வளவு ஈரமாக அடித்தோம் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு ஷேடு. என் கட்சி பிரஷ். எபாக்ஸி வரை அண்ணன் சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்யுங்கள், அதற்கு மேல் டச்-அப் பாட்டிலில் சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக வைத்துக் காயவிட்டு, மறுபடி வைத்து, சுற்றியுள்ள பெயிண்ட் மட்டத்துக்கு வரும் வரை ஏற்றுங்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். தெரியட்டுமே. துரு நின்றதா, அவ்வளவுதான்.

வண்டிக்கு கவர் போடுகிறீர்களா? கடலோரத்தில் கவர் ஒரு வம்பு. மேலே ஈரம் இருக்கும்போது மூடினால் உள்ளே புழுங்கி நாள் முழுக்க வேகவைக்கும், காற்று அடிக்கும்போது கவருக்கு அடியில் இருக்கிற மணல் பெயிண்டைத் தேய்க்கும். அதைவிட வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, அடிப்பாகத்துக்கும் வீல் ஆர்ச்சுக்கும் ஓஸ் பைப் காட்டுவது மேல். நல்ல தண்ணீர் என்று சொன்னதைக் கவனிக்கவும். உப்பு ஏறின போர் தண்ணீரில் தினமும் கழுவினால் நீங்களே துருவுக்குச் சாப்பாடு போடுகிறீர்கள்.

ஸ்ப்ரேகன்

முத்துநகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரை சென்டிமீட்டருக்குள் முடிகிற இடம் என்றால் பிரஷ்தான் நல்லது, நானும் என் சொந்த வண்டியில் கல்லடிக்கு பிரஷ்தான் வைக்கிறேன். தேய்த்த பிறகு இடம் பெரிதாகிவிட்டால் பிரஷ்ஷில் மேடு பள்ளமாக நிற்கும், அதைத் தேய்த்துச் சமன்படுத்துவதற்குள் பக்கத்து கிளியர் போய்விடும், அப்போது கேன்தான். தேய்த்து முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள், இப்போதே கேன் வாங்கி வைக்காதீர்கள்.

ஈசிஆர்_வாசி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை. வண்டி நான் புதிதாக வாங்கியதுதான், அடிபட்டதில்லை, காந்தமும் ஒட்டுகிறது.

இன்று ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். லைனரை இறக்கினால் உள்ளே ஒரு கைப்பிடி சேறு, காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி சக்கரம் பாதி அளவு தண்ணீரில் நின்றது, அப்போது போனதாகத்தான் இருக்க வேண்டும், சர்வீஸுக்கு விட்டபோது யாரும் இதைத் திறந்து பார்க்கவில்லை போல. கழுவிப் பார்த்ததில் விளிம்பு மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் துரு. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், கெட்டியாகத்தான் நிற்கிறது, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் செதில் உதிர்ந்தது. ஓட்டை இல்லை. இது எந்தப் பக்கம் சேர்த்தி? எம்-சீல் வைத்து மடிப்பை அடைத்துவிடலாமா என்று என் மைத்துனர் கேட்கிறார்.

ஸ்ப்ரேகன்

மைத்துனரிடம் எம்-சீலைக் குழாய் ஒழுக்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துருவின் மேல் எதை அப்பினாலும் அது துருவோடு சேர்ந்து பெயர்ந்துவிடும், நடுவில் ஈரத்தைப் பூட்டி வைத்த புண்ணியம் வேறு.

ஓட்டை இல்லை என்பது நல்ல செய்தி. அந்த விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை, வெளித் தகடும் உள் வீல்ஹவுஸ் தகடும் மடித்து ஸ்பாட் வெல்டு போட்ட இடம். இரண்டுக்கும் நடுவில் நூல் அளவு இடுக்கு, அதில் சேறு உட்கார்ந்தால் ஸ்பாஞ்ச் வேலை பார்க்கும். செய்ய வேண்டியது உள்ளே முதலில், வெளியே பிறகு.

உள்ளே: சேறு முழுக்கப் போகக் கழுவி, குறைந்தது ஒரு நாள் லைனர் இல்லாமலே காயவிடுங்கள், அவசரம் என்றால் ஹேர் டிரையர். கம்பி பிரஷ்ஷால் செதில் அனைத்தையும் தட்டி எடுங்கள். கையால் எட்டாத மடிப்புக்குள்தான் கன்வெர்ட்டருக்கு உண்மையான வேலை, டானிக் வகை வாங்கினால் கழுவுகிற தொல்லை இல்லை. அது கறுத்துக் காய்ந்த பிறகு எபாக்ஸியைக் கொஞ்சம் நீர்க்கக் கலந்து மடிப்புக்குள் ஓடும்படி பிரஷ்ஷால் விடுங்கள். அது இறுகியதும் மடிப்பு மேலே சீம் சீலர் (தகடு சேரும் இடுக்கை அடைக்கிற பசை) ஒரு கோடு, அதற்கும் மேலே அண்டர்பாடி கோட்டிங். தண்ணீர் வடிவதற்கு என்று கம்பெனிக்காரன் விட்ட ஓட்டை ஏதாவது இருந்தால் அதைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள். கதவுக்கு அடியில், ஃபுட்போர்டுக்கு அடியிலும் அந்த ஓட்டைகள் இருக்கும், ஒரு கம்பியால் குத்தி அடைப்பு எடுத்துவிடுங்கள், கதவின் அடி விளிம்பு அழுகுவதற்கு அந்த அடைப்புதான் பாதிக் காரணம்.

வெளியே: கொப்புளத்தைப் பானட்டில் சொன்னபடியே. இங்கே தகட்டில் பள்ளம் விழுந்திருக்கும், பட்டி தேவைப்படலாம். எபாக்ஸிக்கு மேலேதான் பட்டி, வெறும் தகட்டில் பட்டி போட்டு அதன் மேல் பிரைமர் அடிக்கிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது, கடலோர வண்டிக்கு அது ஒத்துவராது. பாலியஸ்டர் பட்டி தண்ணீர் குடிக்கும். ஹார்ட்னர் கலந்து மெல்லிசாக இழுத்து, காய்ந்த தாளால் தேய்க்கவும், வாட்டர் பேப்பர் போட வேண்டாம். தேய்த்ததும் அதன் மேல் இன்னொரு கை எபாக்ஸி. ஊசிக் குழி மட்டும் இருந்தால் என்.சி. பட்டி (ஹார்ட்னர் கலக்காமல் தானே காய்கிற வகை) போதும், ஆனால் அதைக் கெட்டியாக அப்பினால் காயும்போது சுருங்கி உள்வாங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டியில் பெட்ரோல் போடுகிற வாய் எந்தப் பக்கம்? இடது பின்பக்கம் என்றால் அந்தக் குழாய் இந்த ஆர்ச்சுக்குள்ளேயேதான் இறங்குகிறது. அங்கே கிரைண்டர் வைக்கவே கூடாது, கையால்தான் தேய்க்க வேண்டும். பிற்காலத்தில் அந்த விளிம்பில் ஓட்டை விழுந்தால் தகட்டை வெட்டி சிஓ2 வெல்டிங் வைப்பதுதான் வழி, அது பட்டறைக்காரர் வேலை. பானட் என்றால் புதுப்பேட்டையில் பழையது ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், போல்ட்டில் நிற்கிற சாமான். பின் குவார்ட்டர் பேனல், அதாவது இந்த ஆர்ச் இருக்கிற பின்பக்கத் தகடு, பாடியோடு வெல்டு ஆனது, அதைக் கழற்றி மாட்ட முடியாது. ரெண்டில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டால் நான் ஆர்ச் என்பேன், பானட் கண்ணுக்கு உறுத்துவதால் அதற்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள்.

பனிநாட்டான்

ரொறொன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பனிக்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள், அதனால் கறள் பிடிக்காத வாகனம் இல்லை என்றே சொல்லலாம், அதுவும் எப்போதும் இதே பின் சில்லு வளைவில்தான் தொடங்கும்.

பெயின்ற் விசயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, தம்பிமார் வடிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது உள்ளுக்குள் அடிக்கிற ஒயில் பற்றி. இங்கே ஒவ்வொரு இலையுதிர் காலமும் பனி விழ முதல் கதவுக்குள், வளைவு மடிப்புக்குள், அடிப்பாகத்துக்கு எல்லாம் கறள் தடுப்பு ஒயில் அடிப்பிப்போம். அது ஊர்ந்து ஊர்ந்து இடுக்குக்குள் போகும், காய்ந்து வெடிக்காது. அங்கே அப்படிக் கடை இல்லாவிட்டாலும் குழாய் முனையோடு வருகிற கவிற்றி வாக்ஸ் (உள் இடுக்குகளுக்குள் அடிக்கிற மெழுகு) கான் வாங்கலாம், உங்களுக்கு மழைக்கு முதல் ஒருக்கா அடித்தால் காணும். கெட்டியான கறுப்புத் தார் மாதிரி அண்டர்கோட்டிங் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதேங்கோ. அது ஒரு இடத்தில் வெடித்தால் பின்னுக்குத் தண்ணீர் நின்று, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே தின்னும். பெயின்ற் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் இந்த ஒயில், முதலே அடித்தால் பிறகு ஒரு பெயின்றும் பிடிக்காது.

தண்டவாளப்பக்கம்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது வெள்ளை கார், குரோம்பேட்டையில் ரயில்பாதை ஓரமாக நிறுத்துகிறேன். கூரை, பானட் முழுக்கப் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். இதையெல்லாம் ஒவ்வொன்றாக 80 நம்பர் போட்டுத் தேய்ப்பதா? நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அமிலமழை

தாளைக் கீழே வையுங்கள்! அது உங்கள் வண்டியின் துரு இல்லை. ரயில் சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கிற இரும்புத் துகள் சூடாக வந்து கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்டு, அங்கே உட்கார்ந்து துருப்பிடிக்கிறது. பக்கத்தில் கிரில் பட்டறை இருந்து கிரைண்டர் ஓடினாலும் இதே கதைதான். வெள்ளை வண்டியில்தான் கண்ணுக்குத் தெரியும், மற்ற நிறத்திலும் இருக்கும்.

அயர்ன் ரிமூவர் என்று கார் வாஷ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். வண்டி நிழலில், தகடு சூடில்லாமல் இருக்கும்போது தெளித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும், வாடை சகிக்காது, காயவிடாமல் கழுவிவிட வேண்டும். மிச்சத்தை கிளே பார் (களிமண் மாதிரி மெத்தென்ற கட்டி) வைத்து, ஷாம்பூத் தண்ணீர் தெளித்தபடி லேசாக இழுத்தால் போய்விடும். பிறகு வாக்ஸ். புள்ளி மேலே மட்டும் இருந்து, சுற்றி வீக்கமோ பெயிண்ட் உடைப்போ இல்லை என்றால் இதுதான். எடுத்த பிறகும் அடியில் குழி தெரிந்தால் மட்டும் மேலே உள்ள பதில்களுக்கு வாருங்கள்.

ஈசிஆர்_வாசி

பெட்ரோல் வாய் இடது பின்பக்கம்தான், நல்லவேளை சொன்னீர்கள். கிரைண்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று இருந்தேன். ஆர்ச் உள்வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன்.

கலர் பற்றிக் கடைசியாக இரண்டு கேள்வி. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரில் கலர் கோடு (நிறத்தின் குறியீடு) இருக்கிறது. அதைக் கொடுத்தால் அச்சாக அதே சில்வர் வருமா? அப்புறம், எபாக்ஸியோடு நிறுத்திவிட்டு கலரை வேறொரு வாரம் அடித்தால் நடுவில் ஓட்டலாமா, மழை வந்தால் என்ன ஆகும்?

முத்துநகர்

கோடு சொன்னால் கம்ப்யூட்டர் மிக்ஸிங் கடையில் சின்ன அளவிலேயே கலந்து தருவார்கள், கேனிலும் அடைத்துத் தருகிற கடைகள் உண்டு. ஆனால் கோடு என்பது 2014இல் உங்கள் வண்டி ஃபேக்டரியை விட்டு வந்தபோது இருந்த நிறம். இத்தனை வருஷ வெயிலில் அது கொஞ்சம் வெளுத்திருக்கும். பெட்ரோல் மூடியைக் கழற்ற முடிந்தால் பாலிஷ் போட்டுத் துடைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் அதை வைத்துக் கண்ணால் ஒரு சொட்டு கூட்டிக் குறைத்துத் தருவார். வாங்கியதும் நேரே வண்டியில் வைக்காமல் ஒரு அட்டையில் அடித்து, காயவைத்து, மேலே கிளியரும் அடித்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், கிளியர் ஏறினால் இன்னொரு நிறம்.

ஸ்ப்ரேகன்

எபாக்ஸியோடு ஓட்டலாம், மழையில் நனையலாம், அதற்காகத்தான் அது. அதற்கு ஆகாதது வெயில், மாதக்கணக்கில் விட்டால் மேலே சுண்ணாம்பு மாதிரி பொடி விடும். சில வாரம் ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு எபாக்ஸிக்கும் இத்தனை மணிக்குள் அடுத்த கோட்டிங் அடிக்க வேண்டும் என்று டின்னில் போட்டிருப்பார்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் 400 நம்பரால் பளபளப்பு போகிற மட்டும் தேய்த்துவிட்டுத்தான் கலர் வைக்க வேண்டும், இல்லையென்றால் டேப் ஒட்டிப் பிய்த்தால் கையோடு வரும்.

கேன் என்று முடிவானால்: டேப்பைத் தேய்த்த ஓரத்திலேயே ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி ஒட்டி, காகிதத்தைப் பின்பக்கமாக மடித்து விடுங்கள், கோடு விழாது. காலை ஒன்பது பத்து மணிக்கு, தகடு தொட்டால் சூடாக இல்லாதபோது அடியுங்கள். மதிய வெயிலில் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி உட்காரும். மழை மூட்டத்தில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரம் படிந்து, கிளியர் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போகும். கேனை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிசாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிஷம். கலரைச் சின்ன வட்டத்திலும் கிளியரை அதைவிடப் பெரிய வட்டத்திலும் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து 2000 வாட்டர் பேப்பர், பிறகு காம்பவுண்ட் (பாலிஷ் பசை). ஒரு மாதம் வரை வாக்ஸ் வேண்டாம்.

அடியைத் திருகி ஹார்ட்னர் கலக்கிற 2கே கிளியர் கேனும் கிடைக்கும். பளபளப்பு அருமையாக வரும், ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சாதாரண துணி மாஸ்க்கும் என்95ம் அதைத் தடுக்காது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் அதைத் தொட வேண்டாம், சாதாரண கிளியரே போதும். எதை அடித்தாலும் பக்கத்து வண்டிகளைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், ஸ்ப்ரே தூசி காற்றில் போய் எதிர்வீட்டுக்காரர் புது கார் மேல் சொரசொரவென்று உட்கார்ந்தால் அந்தப் பஞ்சாயத்துக்கு பேனல் நாலாயிரத்து ஐந்நூறே மலிவு.

கலந்த எபாக்ஸி மிஞ்சினால் திரும்ப டின்னில் ஊற்றாதீர்கள், மொத்த டின்னும் இறுகிவிடும். கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். உள்வேலை முடித்துவிட்டு லைனரை மாட்டுவதற்கு முன் ஒரு போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.